மருத்துவ ஆய்வு நேர்காணலில் வினாவும் விடையும்: நேரடி முறை, தொலைமுறை – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நோயாளரை நேரில் வினவிப் பெறும் தரவும், தொலைபேசி அல்லது காணொலி வழியாகப் பெறும் தரவும் சமமானவையா என்பது மருத்துவ ஆய்வு முறையியலில் நெடுநாளாக விவாதிக்கப்பட்டுவரும் வினா. இதுவரை நிகழ்ந்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இறுதி மதிப்பெண்ணையோ எழுதப்பட்ட உரையாடற் பதிவையோ அளந்து, இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்கின்றன. ஒரு விடை எவ்வாறு விடையாக உருக்கொள்கிறது என்பதை அவை போதிய அளவு நோக்குவதில்லை. நன்னூலின் விடைவகைப் பாகுபாட்டையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நோக்கையும் துணைக்கொண்டு, தமிழில் நிகழும் நோய்சார் நேர்காணலில் தொலைமுறை எவ்வகை விடைகளைக் காக்கிறது, எவற்றை இழக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நேர்காணல், தொலைபேசி, மெய்ப்பாடு, குறிப்பு விடை, சுட்டு, இரட்டைக்கிளவி, வினைமுற்று

முன்னுரை

2020 மார்ச் இறுதியில் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மார்ச் 25ஆம் நாள் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியிடப்பட்டன. அவை சிகிச்சையை நோக்கியவை. ஆய்வை நோக்கியவை அல்ல. எனினும் நோயாளரைச் சந்திக்க இயலாத ஆய்வாளர்களும் அதே தொலைபேசியைத்தான் கையிலெடுக்க வேண்டியிருந்தது. நேரில் தொடங்கிய ஆய்வு தொலைபேசியில் தொடர்ந்தால், ஒரே நோயாளரின் முதற்பதிவு ஒருவகையிலும் அடுத்த பதிவு மற்றொரு வகையிலும் அமையும். இரண்டும் ஒரே அட்டவணையின் அடுத்தடுத்த கட்டங்களில் இடம்பெறும். நெருக்கடி நீங்கிய பின்னும் பயணச் செலவும் நேரமும் மிச்சமாவதால் தொலைமுறையின் பயன்பாடு நீடிக்கிறது. எனவே இவ்விரு பதிவுகளையும் கூட்டிக் கழிக்கலாமா என்பது வெறும் நடைமுறை ஐயம் அன்று. நோயாளர் முன்னேறினாரா, கேட்கும் முறை மாறியதா என்று பிரித்தறிய இயலாவிடின் மருந்தின் பயனைப் பற்றிய முடிவே பிழைபடக்கூடும்.

இவ்வினாவை மருத்துவப் புள்ளியியலுக்கு மட்டும் உரியதாகக் கருதும் போக்கு உண்டு. நேர்காணலோ முற்றிலும் மொழியால் நிகழ்வது. வினா, விடை, குறிப்பு, மெய்ப்பாடு ஆகியவற்றைப் பற்றித் தமிழ் இலக்கண மரபு நுட்பமாகவே சிந்தித்திருக்கிறது.

மதிப்பெண் காட்டும் ஒற்றுமை

அமெரிக்காவில் ரோட், லெவின்சன், சீலி ஆகியோர் இளம்வயதினரிடையே நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஒருவரையே நேரிலும் தொலைபேசியிலும் வினவி, இரு வழியிலும் கிடைத்த உளநோய்க் கணிப்புகளை அவர்கள் ஒப்பிட்டனர். பதற்ற நோய்களில் உடன்பாடு மிகச் சிறப்பாகவும், பெருமனச்சோர்விலும் போதைப்பொருள் சார்ந்த நோய்களிலும் நன்றாகவும் அமைந்தது. மனச்சோர்வு கலந்த இசைவாக்கக் கோளாறு ஒன்றில்தான் உடன்பாடு குலைந்தது. இக்கோளாறு தெளிவான எல்லைகள் இல்லாதது; ஒரு துன்ப நிகழ்வுக்கு ஒருவர் காட்டும் எதிர்வினை இயல்பானதா, மிகையானதா என்று கேட்பவர் எடைபோட வேண்டியது. எண்ணிச் சொல்லத்தக்க அறிகுறிகளில் இரு முறைகளும் ஒத்துப்போவதும், எடைபோட வேண்டிய இடத்தில் பிரிவதும் தற்செயல் என்று தள்ளிவிடத் தக்கன அல்ல.

பண்புசார் ஆய்வுகளிலும் இதே தோற்றம் காணப்படுகிறது. ஸ்டர்ஜஸ், ஹன்ரஹான் ஆகியோர் 2004இல் சிறைச்சாலைப் பார்வையாளர்களையும் காவலர்களையும் பற்றிய தம் ஆய்வில் இருவகைப் பதிவுகளையும் ஒப்பிட்டுக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றனர். அது மருத்துவ ஆய்வு அன்று. ஆயினும் மருத்துவ ஆய்வாளர்கள் தம் தொலைபேசி நேர்காணல்களுக்கு அரணாகக் காட்டும் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. குடல் எரிச்சல் நோயுள்ளோரிடையே க்ரௌவெல், ஜாலி, கிரீன்ஃபீல்டு ஆகியோர் செய்து 2019இல் வெளிவந்த ஒப்பீடு இன்னும் நெருக்கமானது. நேரில் பேசியோர் காணொலியில் பேசியோரைவிடச் சற்று மிகுதியாகப் பேசினர். அம்மிகுதி சில பொருள்களில் மட்டுமே காணப்பட்டது. வேறுபாடு சிறிதாதலின், காலமும் பணமும் குறைவெனில் தொலைமுறையை ஏற்கலாம் என்பது அவர்கள் முடிவு.

இம்முடிவுகளை மறுப்பதற்கில்லை. ஆனால் இவை எதை ஒப்பிட்டன என்று கேட்க வேண்டும். பதிவெழுத்து என்பது ஒலிப்பதிவிலிருந்து எடுக்கப்படுவது. நேர்காணல் நேரில் நடந்தாலும், அது எழுத்தாகும்போது தொலைபேசி நேர்காணலைப் போலவே கண்ணால் கண்டவை அனைத்தும் உதிர்ந்துவிடுகின்றன. இரண்டையும் ஒலியாக்கிய பின் ஒலியளவில் ஒப்பிட்டால் ஒற்றுமை தோன்றுவதில் வியப்பில்லை.

காணப்படும் துயரும் சொல்லப்படும் துயரும்

மனச்சோர்வை அளக்கும் கருவிகள் சில, கண்ணின் பங்கைத் தம் அமைப்பிலேயே ஏற்றவை. ஹாமில்டன் 1960இல் வகுத்த அளவுகோலில் செயல்மந்தமும் அமைதியின்மையும் நேர்காணலின்போது நோயாளரை நோக்கி மதிப்பிடப்படுபவை. மாண்ட்கோமரி, ஆஸ்பெர்க் ஆகியோரின் 1979ஆம் ஆண்டு அளவுகோல் இன்னும் தெளிவானது. அதன் பத்துக் கூறுகளில் முதலாவது, முகத்திலும் உடல்நிலையிலும் பேச்சிலும் வெளிப்பட்டுப் பிறரால் காணப்படும் துயர். இரண்டாவது, நோயாளர் தாமே எடுத்துரைக்கும் துயர். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை தனித்தனியே மதிப்பெண் உண்டு. இரண்டும் ஒன்றாயின் இரு கூறுகள் தேவைப்பட்டிரா. சிரித்த முகத்துடன் ‘எனக்கு ஒண்ணும் பிடிக்கல’ என்பவரும், ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று கூறிக்கொண்டே தலைகவிழ்ந்திருப்பவரும் வேறுவேறு வகையில் நோயுற்றவர்கள். தொலைபேசியில் முதற்கூறு பெரும்பாலும் குரலை வைத்து ஊகிக்கப்படுகிறது. அப்போது அது இரண்டாம் கூற்றின் நிழலாகிவிடும் இடர் உண்டு. மொத்த மதிப்பெண் 60இல் இந்த மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் உள்ளத்துக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள பிளவைக் காட்டுவதற்கென்று அமைந்த கூறே அதனால் செயலிழக்கிறது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும் அவற்றின் களங்களையும் விரித்துரைத்து, இறுதி நூற்பாவில் ஒரு கட்டுப்பாட்டை வைக்கிறது. கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரும் உணர்வுடையோர்க்கு அல்லது மெய்ப்பாட்டின் பொருளை அறிதல் அரிது என்பது அதன் கருத்து. இரு புலன்களும் அங்குச் சேர்த்தே கூறப்பட்டுள்ளன. அது செய்யுட் பொருளை உணர்வது பற்றிய விதி. நோய்க்கணிப்புக்கு அதை அப்படியே பொருத்துவது மிகையாகும். ஆயினும் உள்ளத்து நிகழ்வு உடலில் வெளிப்படுவதை உணர ஒரு புலன் போதாது என்னும் அதன் அடிப்படையும், மேற்சொன்ன அளவுகோலின் முதலிரு கூறுகளைப் பிரித்த அடிப்படையும் ஒன்றே.

காணொலி இக்குறையை நீக்கிவிடும் எனக் கருதுவோர் உண்டு. ஓரளவே நீக்குகிறது. கைப்பேசித் திரையில் தெரிவது முகம். பிசைந்துகொண்டிருக்கும் கைகளும் ஆட்டிக்கொண்டிருக்கும் காலும் சட்டகத்துக்கு வெளியே இருக்கின்றன.

விடைவகையும் வினாநிரலும்

விடை எட்டு வகை என்பது நன்னூல் மரபு. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பு விடைகள். உற்றது உரைத்தலுக்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு, விளையாடவில்லையா என்று கேட்டவரிடம் ‘கால் வலிக்கிறது’ எனல். இலக்கண ஆசிரியர் வகுப்பறைக்கு எடுத்த எடுத்துக்காட்டே ஒரு நோயறிகுறியாக அமைந்தது சுவையான பொருத்தம்.

மருத்துவ ஆய்வின் வினாநிரல் நேரையும் மறையையும் மட்டுமே ஏற்கும் வகையில் அமைக்கப்படுகிறது. ‘கடந்த இரண்டு வாரங்களில் உறங்குவதில் சிரமம் இருந்ததா?’ என்பதற்கு ‘இருந்தது’, ‘இல்லை’ என்பவையே கட்டத்துள் அடங்கும். தமிழ் நோயாளரிடமிருந்து இயல்பாக வருபவையோ வேறு. ‘சின்னவன் வேலைக்குப் போனதுலேர்ந்து வாசல் கதவையே பாத்துட்டுக் கெடக்கேன்’ என்பது உற்றது உரைத்தல். ‘இந்த வயசுல யாருக்குங்க தூக்கம் வருது?’ என்பது வினா எதிர் வினாதல். ‘நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா’ என்பது ஏவல். நேரில் இருக்கும் வினவுநர் இவ்விடைகளை உடனே தள்ளுவதில்லை, தலையசைத்துக் காத்திருக்கிறார். அக்காத்திருப்பில் நோயாளர் தாமே நேர்விடைக்கு வந்துசேர்வதும், வினாநிரலில் இல்லாத வேறொரு செய்தியைத் திறப்பதும் உண்டு. தொலைபேசியில் அந்தத் தலையசைப்பு இல்லை. காத்திருப்பு, இணைப்பு அறுந்ததோ என்னும் ஐயமாக மாறுகிறது. ‘ஹலோ, கேக்குதுங்களா?’ என்னும் குறுக்கீட்டுக்குப் பின் வினா மீண்டும் வருகிறது. இம்முறை ‘இருந்துச்சா, இல்லையா?’ என்னும் வடிவில். நோயாளர் ‘இருந்துச்சு’ என்கிறார். படிவம் நிறைகிறது.

இவ்விடத்தில் இர்வைன், ட்ரூ, செயின்ஸ்பரி ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. மனநலமும் வேலையும் பற்றிய நேர்காணல்களை அவர்கள் உரையாடல் பகுப்பாய்வு முறையில் வரிவரியாக ஆராய்ந்தனர். எடுத்துக்கொண்டவை சிலவே, ஆனால் நோக்கம் கூரியது. தொலைபேசியில் தம் விடை போதுமானதா, கேட்டதற்குப் பொருத்தமானதா என்று பங்கேற்பாளர் வினவுவது மிகுந்தது. வினவுநர் நோயாளரின் சொல்லை எடுத்து முடித்துக்கொடுப்பதும் தொகுத்துரைப்பதும் குறைந்தன. எதிர்பார்ப்புக்கு மாறாக, கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் குரலொலிகளும் தொலைபேசியிலேயே குறைந்தன. தலையசைப்பு இல்லாத இடத்தை நிரப்ப ஒலி மிகும் என்றே எவரும் கருதுவர். உண்மையில் குறுக்கிடக் கூடாதென்ற எச்சரிக்கை வினவுநரை மேலும் மௌனியாக்குகிறது.

தமிழில் இவ்வொலிக்குப் பெயரே உண்டு: ‘ம் கொட்டுதல்’. கதை சொல்பவர் எதிரே ம் கொட்ட ஆளில்லையெனில் கதை நின்றுவிடும் என்பது எவரும் அறிந்தது. தன் நோயைச் சொல்பவரும் ஒருவகையில் கதைசொல்லியே. ம் கொட்டப்படாத விடை சுருங்கும். சுருங்கிய விடை நேருக்கோ மறைக்கோ சாயும். வினாநிரலின் பார்வையில் இது தூய்மையான தரவு. நோயாளரின் பார்வையில், தாம் சொல்லவந்ததைச் சொல்லவில்லை.

குறிப்பு விடைகளை ஏற்கும் வகையில் ஆய்வை அமைக்க இயலாது என்பதும் சரியன்று. கஜலட்சுமி, பீட்டோ உள்ளிட்டோர் தமிழகத்தில் இறப்புக் காரணங்களைக் கண்டறிய மேற்கொண்ட பெரும்பணி இதற்குச் சான்று. 2004இல் வெளிவந்த அதன் அறிக்கை சென்னையில் 48,000, விழுப்புரம் பகுதியில் 32,000 என 80,000 இறப்புகளைப் பற்றியது. மருத்துவரல்லாத களப்பணியாளர் இறந்தோரின் வீடு சென்று, உறவினர் கூறிய நோய்வரலாற்றை எடுத்துரைப்பாக எழுதிவந்தனர். அதைப் படித்து மருத்துவர்கள் இறப்பின் காரணத்தைக் குறித்தனர். உற்றதை உரைக்கும் விடைக்கு அம்முறையில் இடம் இருந்தது.

சொல்லின் இறுதியும் இணைப்பின் தாமதமும்

உரையாடலில் வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட நேரம் மிகக் குறுகியது. ஸ்டைவர்ஸும் உடனாய்வாளர்களும் பத்து மொழிகளில் ஆம்–இல்லை வினாக்களை ஆராய்ந்து 2009இல் கூறியபடி, அது சராசரியாக 200 மில்லிநொடி அளவினது. அப்பத்தில் தமிழ் இல்லை. திராவிட மொழி எதுவுமே இல்லை. தொலைபேசி இணைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது ஏற்கத்தக்கது எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. ஏற்கத்தக்க தாமதமே, போக வர இருமுறை கூடும்போது, இயல்பான இடைவெளியை விஞ்சிவிடுகிறது. இவ்வாறு தாமதிக்கும் இணைப்பில் பேசுவோர் குறையை இணைப்பின்மேல் ஏற்றாமல், எதிரில் பேசுபவர் கவனமற்றவர் என்று அவர்மேல் ஏற்றுகின்றனர் என ஷோனன்பெர்க், ராக்கே, கோப்பே ஆகியோர் 2014இல் காட்டினர். மனச்சோர்வுக்கான நேர்காணலில் இது இருபுறமும் தீங்கு செய்யும். வினவுநரின் தாமதத்தை நோயாளர் அக்கறையின்மையாகக் கொள்ளலாம். நோயாளரின் தாமதத்தை வினவுநர் செயல்மந்தமாகக் கொண்டு மதிப்பெண் இடலாம்.

தமிழின் தொடரமைப்பு இச்சிக்கலைக் கூர்மையாக்குகிறது. தமிழ்த் தொடர் வினைமுற்றில் முடிகிறது. அவ்வினைமுற்றிலும் உடன்பாடா எதிர்மறையா என்பதைப் பகுதிக்குப் பின்வரும் உறுப்புகளே காட்டுகின்றன. ‘ராத்திரி நல்லா சாப்பிட முடியுது’, ‘ராத்திரி நல்லா சாப்பிட முடியல’ என்னும் இரண்டும் கடைசி அசைவரை ஒன்றுபோலவே செல்கின்றன. வினவுநரின் ‘சரிங்க’ தாமதத்தால் பிந்திவந்து மோதுவதும் அந்த இறுதி அசைகளின்மீதுதான். இணைப்பு நலிந்து ஒலி தேய்ந்தாலும் இழப்பு அங்கேயே பெரிது. ஆங்கிலத்தில் எதிர்மறை பெரும்பாலும் முதன்மை வினைக்கு முன்னரே வந்துவிடுவதால் பின்பகுதி தேய்ந்தாலும் பொருள் பெரும்பாலும் தங்கும். ஆகவே ஆங்கிலம் பேசுவோரிடையே பெற்ற ‘வேறுபாடில்லை’ என்னும் முடிவைத் தமிழ் நேர்காணலுக்கு அப்படியே பெயர்த்துக்கொள்ள இயலாது. தமிழில் வினவுவோர் விடையைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது தொலைமுறையில் மரியாதைச் சடங்கன்று. தரவைக் காக்கும் செயல்.

வலியின் சொற்கள்

நோயுரைக்கும் சொற்களில் இழப்பும் ஆதாயமும் கலந்தே இருக்கின்றன. மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, உடலின் உருவரை ஒன்றையும் இணைத்தது. வலியுள்ள இடத்தை நோயாளர் அதில் குறிப்பார். சொற்களைத் தொலைபேசியில் படித்துக்காட்டலாம். உருவரையைக் காட்ட இயலாது. வலியின் கடுமையைக் கோட்டில் குறிக்கும் முறையும் அவ்வாறே கைவிடப்பட்டு, 0 முதல் 10 வரை எண் சொல்லும் முறைக்கு மாற நேர்கிறது. தமிழ் நோயாளர் வலியை ‘இங்கேர்ந்து கௌம்பி இப்படியே வந்து இங்க நிக்குது’ என்று விரலால் வரைபவர். நன்னூலார் வகைப்படி இது சுட்டுவிடை. வெளிப்படை விடைகள் மூன்றனுள் தொலைபேசியில் முற்றாகப் பயனிழப்பது இதுவே. இடுப்பு என்று சிலர் சொல்வதைச் சிலர் முதுகு என்பதும், நெஞ்செரிச்சலை வயிற்றெரிச்சல் என்பதும் நேரில் ஒரு கையசைப்பில் தீர்பவை.

மாறாக, ஒலிக்குறிப்புச் சொற்கள் தொலைபேசியில் குறையாமல் வந்துசேர்கின்றன. தலை ‘விண்விண்’ என்று தெறிக்கிறது, மார்பு ‘சுருக்சுருக்’ என்று குத்துகிறது, கண் ‘கரகர’ என்று உறுத்துகிறது, கால் ‘மதமத’ என்றிருக்கிறது, நெஞ்சு ‘படபட’ என்று அடித்துக்கொள்கிறது என்னும் கூற்றுகளில் வலியின் தாளமும் விட்டுவிட்டு வரும் தன்மையும் ஒலியிலேயே அடங்கியுள்ளன. இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்பது தொல்காப்பியர் விதி. நோயாளர் அதைச் சொல்லும் வேகமும் அழுத்தமும் கூடச் செய்தியாகின்றன. குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, எரிச்சல் என்று வலிக்கே பல பெயர்கள் உண்டு. படிவங்களின் தமிழாக்கங்கள் இவற்றையெல்லாம் ‘வலி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கி, எழுத்துநடையில் ‘தாங்கள் வலியை உணர்கிறீர்களா?’ என்று கேட்டால், ‘ஆமாங்க’ என்பதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது. தொலைமுறையின் வறுமையென்று கருதப்படுவதில் ஒரு பகுதி மொழிபெயர்ப்பின் வறுமை.

அருகிலிருக்கும் செவி

நேரில் வினவுபவர் கதவருகே நிற்பது யார் என்று காண்கிறார். தொலைபேசியில் அவர் அதை அறியார். பெண்கள்மீதான வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு உலக நலவாழ்வு அமைப்பு 2001இல் வெளியிட்ட நெறிகள் தனிமையை முதன்மைப்படுத்துவது இதன்பொருட்டே. பேச்சின் நடுவே விடைகள் திடீரென ‘ம்’, ‘ஆமா’, ‘இல்ல’ என்று சுருங்கினாலோ, ‘சரிக்கா, அப்புறம் பேசறேன்’ என்று முன்பின் அறியாத வினவுநர் அக்காவாக மாறினாலோ, யாரோ அருகே வந்துவிட்டார் என்று பயின்ற செவி உணரும். அச்சுருக்கமே ஒரு குறிப்பு விடை. அதைப் படிவத்தில் ‘இல்லை’ என்று பதிவது தரவுப் பிழை மட்டுமன்று.

எனினும் முகம் காணாமையே துணையாகும் நோய்களும் உள. மருந்தாய்வுகளில் ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி–ஒளிப் பதிவு செய்வது குறித்து 2015இல் இந்திய அரசு விதியைத் திருத்தியபோது, எச்.ஐ.வி., தொழுநோய் ஆகியவற்றுக்கான மருந்தாய்வுகளில் மட்டும் ஒலிப்பதிவே போதும் என்றது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்தாய்வு விதிகளிலும் இது தொடர்கிறது. முகம் பதிவாவதே நோயாளருக்குத் தீங்காகக்கூடும் என்பதைச் சட்டம் ஏற்ற இடம் அது. இத்தகைய நோயாளர், மருத்துவமனை வளாகத்தில் ஆய்வறை வாசலில் காத்திருப்பதைவிடத் தம் விருப்பப்படி ஓரிடத்தில் அமர்ந்து குரலால் மட்டும் பேசுவதையே நாடக்கூடும். அங்கே வினவுநர் செய்யத்தக்கது, எவ்வினாவையும் தொடங்குமுன், ‘இப்ப பேசலாங்களா? பக்கத்துல யாரும் இருக்காங்களா?’ என்று கேட்டு, அதற்கு வரும் விடை எவ்வகையினது என்பதையும் படிவத்தின் முதல் வரியில் குறித்துக்கொள்வது.